ஓமேகாவைப் பிளக்க முடியாது

கணிதத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. ராட் டௌனியும் டெனிஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்டும் சேர்ந்து எழுதிய ‘அல்காரித்மிக் ரேண்டம்னெஸ் அண்ட் காம்ப்ளெக்சிட்டி’. 2010-இல் ஸ்பிரிங்கர் வெளியிட்டது. 800 பக்கங்களைத் தாண்டும். கல்லூரியில் கணிதம் நடத்துகிற எனக்கு, பாடத்திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்தப் புத்தகம் பல வருடப் பழக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சில நாள் இரண்டு பக்கம் ஓடும். சில நாள் ஒரே வரியில் பதினொரு மணியாகிவிடும். அந்த வரி பிடிபடுகிற இடத்தில் உடம்பு சிலிர்க்கும். உண்மையாகவே சிலிர்க்கும்.

இத்தனைக்கும் புத்தகம் பேசுவது ஒழுங்கே இல்லாத விஷயத்தைப் பற்றி. நாணயத்தைச் சுண்டினால் வருகிற பூவா தலையா வரிசையைப் பற்றி. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். சொல்லச் சொல்லத் தீராத அளவுக்கு இருக்கிறது என்று காட்டிய மனிதர்களில் டௌனி எனக்கு முதன்மையானவர். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: எவ்வளவு? ஒரு கணக்கு கடினம் என்றால் எவ்வளவு கடினம், அந்தக் கடினம் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது? ஒரு எண் ரேண்டம் என்றால் எவ்வளவு ரேண்டம், பக்கத்து எண்ணைவிடக் கூடவா குறைவா? ‘முடியும்’, ‘முடியாது’ என்று மற்றவர்கள் நிறுத்திக்கொள்கிற இடத்தில் இவர் அளவுகோலை எடுப்பார்.

அடிப்படைக் கேள்வியை வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 20 முறை நாணயம் சுண்டினால் கிடைக்கிற இரண்டு வரிசைகள். ஒன்று 01010101 என்று கடைசிவரை மாறிமாறிப் போவது. இன்னொன்று நிஜமாகவே சுண்டி எழுதியது. எதை ரேண்டம் என்பீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கையும் இரண்டாவதற்குத்தான் உயர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் எழுந்தாள்.

“சார், ரெண்டு வரிசைக்கும் நிகழ்தகவு ஒண்ணுதானே? 10,48,576-இல் ஒண்ணு. அப்புறம் எப்படி இது மட்டும் ரேண்டம், அது இல்லேன்னு சொல்றீங்க?”

“அதைத்தாம்மா போன நூற்றாண்டு பூராவும் பெரிய பெரிய ஆளெல்லாம் உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க” என்றேன். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

நிகழ்தகவுக் கோட்பாட்டால் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது. தனியொரு வரிசையைப் பார்த்து நீ ரேண்டமா என்று கேட்க அதற்கு வழியே இல்லை. முதலில் முயன்றவர் ரிச்சர்ட் ஃபான் மீசஸ், 1919-இல். முடிவில்லாத வரிசையில் 0-வும் 1-உம் சரிபாதி வரவேண்டும். அதோடு, முன்னால் வந்ததை மட்டும் பார்த்து அடுத்தடுத்த இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரித்தெடுத்தாலும் அந்தச் சரிபாதி மாறக்கூடாது என்றார். எந்த விதிப்படியெல்லாம் தேர்ந்தெடுக்கலாம் என்பது தெளிவில்லாமல் இருந்தது. 1940-இல் அலோன்சோ சர்ச் வந்து, கணித்துச் சொல்லக்கூடிய விதி, அதாவது ஒரு எந்திரத்தால் நடத்தக்கூடிய விதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டூரிங் 1936-இல் கற்பனையில் உருவாக்கிய எந்திரம் ரேண்டம் என்ற விஷயத்துக்குள் நுழைந்த இடம் அதுதான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1939-இல், ழான் வீல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வழியின் ஆணிவேரை அசைத்துவிட்டிருந்தார். தேர்வு விதிகளை எல்லாம் தாண்டி வருகிற ஒரு வரிசையை அவர் கட்டிக் காட்டினார். அதில் எந்த இடத்தில் நிறுத்தி எண்ணினாலும் ஒரு பக்கத்தின் கை தாழ்வதே இல்லை. நேர்மையான நாணயம் அப்படி நடந்துகொள்ளாது.

அப்புறம் 1960-கள். அந்த வருடங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கும். அமெரிக்காவில் ரே சொலொமோனோஃப், மாஸ்கோவில் கோல்மோகோரோவ், நியூயார்க்கில் இளைஞராக இருந்த கிரெகரி சாய்ட்டின். மூவரும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வரிசையை வெளியிடுகிற மிகச் சிறிய நிரல் எத்தனை பிட் நீளம் என்று பாருங்கள். 01-ஐப் பத்து லட்சம் முறை எழுது என்பதற்கு ஒரு வரி நிரல் போதும். சுண்டி எடுத்த வரிசைக்கோ அந்த வரிசையையே நிரலுக்குள் வைத்து அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. சுருக்க முடியாததே ரேண்டம்.

அப்படிச் சுருக்க முடியாத வரிசை இருக்கிறதா? இதன் நிறுவல் மூன்று வரிதான். 20 பிட் வரிசைகள் மொத்தம் 10,48,576. 20 பிட்டைவிடச் சிறிய நிரல்களை எல்லாம் கூட்டினால் 10,48,575. ஒன்று குறைகிறது. ஆக, குறைந்தது ஒரு வரிசைக்காவது சின்ன நிரல் கிடைக்காது. 10 பிட்டுக்கும் குறைவாகச் சுருக்கக்கூடியவை எத்தனை என்றால் அதிகபட்சம் 1,023. ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. கிட்டத்தட்ட எல்லாமே ரேண்டம். ஆனாலும் கொடுத்த ஒரு வரிசை அப்படிப்பட்டதுதானா என்று பொதுவாகச் சோதித்துச் சொல்லும் நிரலை யாராலும் எழுத முடியாது. இதை வகுப்பில் எழுதி முடித்து சாக்பீஸை வைத்தபோது முன்வரிசைப் பையன் ஒருவன் தன்னை மறந்து கைதட்டினான். கணக்கு வகுப்பில் கைதட்டல்!

முடிவில்லாத வரிசைகளுக்கு வந்தால் கதை இன்னும் அழகு. ஸ்வீடன்காரர் பேர் மார்ட்டின்-லோஃப் மாஸ்கோவில் கோல்மோகோரோவிடம் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, 1966-இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்திரத்தால் விவரிக்கக்கூடிய, அளவில் பூஜ்ஜியமாகச் சுருங்குகிற அபூர்வக் கூட்டங்கள் எத்தனை உண்டோ அத்தனையிலும் அகப்படாமல் தப்புகிற வரிசையே ரேண்டம் என்றார். அப்புறம் பந்தயம் கட்டிப் பார்க்கிற வழி ஒன்று. கையில் ஒரு ரூபாய். அடுத்த பிட் 0-வா 1-ஆ என்று பணம் கட்டுகிறீர்கள். எந்திரத்தால் அணுகக்கூடிய எந்த உத்தியைக் கையாண்டாலும் உங்கள் பணத்தை எல்லையில்லாமல் பெருக்க முடியாது என்றால் அந்த வரிசை ரேண்டம். ஷ்னோர், லெவின் ஆகியோரின் தேற்றங்கள் வந்தன. சுருக்க முடியாதது, அபூர்வம் எதிலும் சிக்காதது, ஊகிக்க முடியாதது என்ற இந்த மூன்று வரையறைகளும், உரிய திருத்தங்களைச் செய்துவிட்டால், மிகச் சரியாக ஒரே வரிசைகளையே சுட்டுகின்றன. தகவல் கோட்பாடு, அளவைக் கோட்பாடு, சூதாட்டம் என்று மூன்று திசையிலிருந்து வந்தவர்கள் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். இதைவிடப் பெரிய சந்தோஷத்தைக் கணிதம் எனக்குத் தந்ததில்லை. நேப்பியர் மாறிலியும் பையும் ஒரே சமன்பாட்டில் சேர்கிற ஆய்லரின் சூத்திரத்தைச் சொல்வார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது. பையின் இலக்கங்கள் புள்ளியியல் சோதனைகளில் நன்றாகவே தேறுகின்றன. ஆனாலும் இந்தக் கோட்பாட்டின்படி பை துளிக்கூட ரேண்டம் இல்லை. ஒரு சின்ன நிரல் அதன் எத்தனை இலக்கங்களை வேண்டுமானாலும் கொட்டிவிடும். என் மாணவர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் வராமல் செய்த வாக்கியம் இது.

இனி டௌனி. 1957-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பட்டம், மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராஸ்லியிடம் ஆய்வு, 1982-இல் முனைவர் பட்டம். அப்புறம் கொஞ்ச காலம் சிங்கப்பூர், கொஞ்ச காலம் இல்லினாய். 1986-இல் நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு, விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அங்கேதான். தர்க்கவியலின் பெரிய மையங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த காலம். உலக வரைபடத்தின் தென்கோடியில், காற்றுக்குப் பேர்போன ஒரு ஊரின் குன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, உலகத்தையே அங்கே வரவழைத்தார். ஆய்வு செய்யவும் ஆராய்ச்சி மாணவர்களாகவும் ஆட்கள் வெலிங்டனுக்குப் பயணப்பட்டார்கள். ஆக்லாந்தில் ஆந்த்ரே நீஸ், வெலிங்டனிலேயே நோவாம் கிரீன்பெர்க் என்று இந்தத் துறைக்கு இன்று நியூசிலாந்தைத் தவிர்த்துவிட்டு வரலாறு எழுத முடியாது.

இவர் தொடக்கத்தில் ரேண்டம் பக்கம் வரவே இல்லை. கணிக்கத்தக்கது எது என்ற தூய தர்க்கவியலில்தான் இருந்தார். அந்த நாட்களிலேயே கார்ல் ஜோக்குஷுடன் சேர்ந்து பூலியன் இயற்கணிதம் பற்றி அழகான ஒரு தேற்றம் நிறுவியிருக்கிறார். அதை இங்கே விரித்தால் பக்கம் போதாது. நான் நிற்க விரும்புவது அடுத்த இடத்தில்: 1990-களில் மைக்கேல் ஃபெல்லோஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘பாராமீட்டரைஸ்டு காம்ப்ளெக்சிட்டி’.

ஒரு ஊரில் 1,000 தெருமுனைகள். முனைகளை இணைக்கும் தெருக்கள். ஒவ்வொரு தெருவும் ஏதாவது ஒரு முனையிலிருந்து தெரியும்படி 10 கேமராக்களை மட்டும் வைக்க முடியுமா? கணினி அறிவியலில் பெயர் பெற்ற கடினமான கணக்கு இது. 1,000-இல் 10 முனைகளைத் தேர்ந்தெடுக்கிற வழிகள் ஏறத்தாழ 2.6 × 10-இன் 23-ஆம் அடுக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது. கடினம் என்று சொல்லி நகர்ந்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். டௌனியும் ஃபெல்லோஸும் கேட்டது, அந்தக் கடினம் எங்கே இருக்கிறது என்று. 1,000-இலா, 10-இலா? கேமரா இல்லாத ஒரு தெருவை எடுங்கள். அதன் இரண்டு முனைகளில் ஒன்றிலாவது கேமரா வைத்தே ஆக வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்துக்கு அதையே திரும்பச் செய்யுங்கள். பத்துத் தடவைக்கு மேல் கிளை பிரியாது. மொத்தக் கிளைகள் 1,024. அவ்வளவுதான்! ஊர் எவ்வளவு பெரிதானாலும் கிளைகளின் எண்ணிக்கை அதேதான்; ஒவ்வொரு கிளையிலும் ஊரைச் சுற்றிப் பார்க்கிற வேலை மட்டும் கொஞ்சம் கூடும். கடினம் முழுவதும் அந்தப் பத்துக்குள் ஒதுங்கிவிட்டது.

எல்லாக் கணக்கும் இப்படி இளகிக்கொடுப்பதில்லை. எது இளகும், எது இளகாது என்று படிநிலை வகுத்ததுதான் அவர்களுடைய பெரிய சாதனை. 1999-இல் இருவரும் எழுதிய புத்தகம் ஒரு துறையையே தொடங்கிவைத்தது. சென்னையில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் வெங்கடேஷ் ராமன், சாகேத் சௌரப் போன்றவர்கள் செய்திருக்கிற வேலை இந்தத் துறையில் உலகமே திரும்பிப் பார்ப்பது. சௌரப்புக்கு 2021-ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசு கிடைத்தபோது எங்கள் துறையில் நான் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். வெலிங்டனில் ஊன்றிய விதை தரமணியில் காய்த்திருக்கிறது என்ற சந்தோஷம் எனக்கு.

ஒரு துறையைத் தொடங்கிவைத்த மனிதர் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1990-களின் கடைசியில் ஹிர்ஷ்ஃபெல்ட் கார்னலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வெலிங்டனுக்கு வருகிறார். இருவரும் ரேண்டம் விஷயத்துக்குள் இறங்குகிறார்கள். அப்போது அந்தத் துறை சிதறிக் கிடந்தது. ரஷ்யக் கட்டுரைகள் ஒரு பக்கம், செக் நாட்டில் அன்டோனின் குச்சேராவும் ஓஸ்வால்ட் டெமுத்தும் செய்தவை இன்னொரு பக்கம். ராபர்ட் சொலோவே 1975-இல் தட்டச்சு செய்து வெளியிடாமலே விட்ட 200 பக்கங்களுக்கு மேற்பட்ட குறிப்புகள் பிரதியெடுக்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தன. தேற்றம் இருக்கும், நிறுவல் எங்கே என்று தெரியாது. இதையெல்லாம் ஒன்றுதிரட்டி, சரிபார்த்து, விட்டுப்போன நிறுவல்களை எழுதி, புதியவற்றைச் சேர்த்து, பத்து வருடத்தில் ஒரே புத்தகமாக்கித் தந்தார்கள். தெற்கே ஏதோ ஒரு கல்லூரியில் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்ற ஒருவன் இந்தத் துறைக்குள் நுழைய முடிந்தது இந்த உழைப்பால்தான். அதற்காக அவர்கள் இருக்கிற திசை நோக்கிக் கும்பிட்டிருக்கிறேன்.

புத்தகத்தில் என் மனதை முழுதாக எடுத்துக்கொண்டது ஓமேகா. சாய்ட்டின் 1975-இல் அறிமுகப்படுத்திய எண். நாணயம் சுண்டிச் சுண்டி ஒரு நிரலை எழுதிக்கொண்டே போனால், அந்த நிரல் எப்போதாவது ஓடி நிற்பதற்கான நிகழ்தகவுதான் ஓமேகா. பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு எண். எந்த நிரல் நிற்கும், எது நிற்காது என்று சொல்லும் பொதுவான வழி இல்லை என்பது டூரிங் நிறுவியது. ஓமேகாவின் முதல் 1,000 பிட் யாராவது கொடுத்தால், 1,000 பிட்டுக்கு உட்பட்ட ஒவ்வொரு நிரலும் நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடலாம். எதிர்மாதிரியைத் தேடி ஓடும் நிரலாக எழுத முடிகிற எந்தப் பழைய புதிரும், அந்த நிரல் அளவுக்குள் அடங்கிவிட்டால், அதோடு தீர்ந்தது. அத்தனை செய்தியும் அந்த எண்ணுக்குள் துளி இடைவெளி இல்லாமல் அடைந்து கிடக்கிறது. அதனாலேயே அதன் பிட்டுகள் முழுக்க முழுக்க ரேண்டம்.

ஆனாலும் ஓமேகா எட்டவே முடியாத எண் இல்லை. நிரல்களை எல்லாம் ஓடவிட்டு, நின்றவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் கீழிருந்து அதை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கலாம். எவ்வளவு தூரம் மிச்சம் என்று மட்டும் ஒருபோதும் தெரியாது. இப்படிக் கீழிருந்து எந்திரத்தால் ஏறி அணுகக்கூடிய எண்களை ஒப்பிட சொலோவே ஓர் அளவுகோலை வைத்திருந்தார்: ஒன்றை அணுகுகிற வேகம் தெரிந்தால் இன்னொன்றை அணுக முடியுமா? டௌனியின் கைக்கு இது வந்ததும் விட்டாரா? ஹிர்ஷ்ஃபெல்ட், நீஸ் இருவரோடும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. இந்த அளவுகோலில் எந்த இரண்டு படிக்கும் நடுவில் இன்னொரு படி இருக்கிறது. உச்சிக்குக் கீழே உள்ள எந்தப் படியையும், தனக்குக் கீழான இரண்டின் கூட்டாகப் பிரிக்கலாம். உச்சியில் இருக்கிற ஓமேகாவை மட்டும் பிளக்க முடியாது! கீழிருந்து அணுகக்கூடிய இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ரேண்டமாக இருந்தால், அந்த இரண்டில் ஒன்றாவது ஏற்கெனவே ரேண்டம்.

இது எவ்வளவு ஆச்சரியம் என்று ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். ஓமேகாவின் இரட்டைப்படை இடத்துப் பிட்டுகளை மட்டும் வைத்து, மற்ற இடங்களில் 0 போட்டு ஓர் எண். ஒற்றைப்படை இடங்களை வைத்து இன்னோர் எண். இரண்டையும் கூட்டினால் ஓமேகா. ஆனால் இரண்டிலும் பாதி இடம் வெறும் 0. அதனால் இரண்டுமே ரேண்டம் இல்லை. அப்படியென்றால் தேற்றம் தவறா? இல்லை. அந்த இரண்டு எண்களில் ஒன்றையாவது கீழிருந்து எந்திரத்தால் ஏறி அணுக முடியாது என்று தேற்றம் சொல்கிறது. காகிதத்தில் நானே இதைப் போட்டுப் பார்த்த இரவில் எழுந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். “என்னங்க, தூங்கலையா?” என்று என் மனைவி எழுந்து வந்தாள். அந்த நேரத்தில் அவளையும் உட்காரவைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ நியாயமா வர்ற வழியிலே அதைப் பங்கு போட முடியாதுங்கிறீங்க” என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

உச்சியைப் பார்த்தவர்கள் தரையையும் பார்த்தார்கள். ஓர் எண் கணத்தின் முதல் சில பிட்டுகளைச் சொல்ல, எத்தனை பிட் என்ற நீளத்தைச் சொல்வதற்கு ஆகிற செலவுக்கு மேல் ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது ரேண்டமுக்கு நேர் எதிர். இதற்கு கே-ட்ரிவியல் என்று பெயர். கணிக்கத்தக்க கணங்கள் மட்டும்தானே இப்படி இருக்கும்? அப்படித்தான் தோன்றும். கணிக்கவே முடியாத ஒன்றும் இப்படி இருக்கலாம் என்று சொலோவே தன் குறிப்புகளில் காட்டியிருந்தார். டௌனி, ஹிர்ஷ்ஃபெல்ட், நீஸ், சிங்கப்பூரின் ஃப்ராங்க் ஸ்டீஃபன் நால்வரும் 2003-இல் அதை ஐந்தாறு வரிக் கட்டுமானமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணையும் கணத்தில் சேர்ப்பதற்கு ஒரு விலை. விலை போதுமான அளவு மலிந்தால் மட்டும் சேர். இவ்வளவுதான் விதி. அதோடு, இப்படிப்பட்ட எந்தக் கணமும் டூரிங்கின் நிற்றல் புதிரை அவிழ்க்கிற அளவுக்கு வலுவுள்ளதாக இருக்க முடியாது என்றும் நிறுவினார்கள்.

இதன் பெருமை புரிய 1944-க்குப் போக வேண்டும். எமில் போஸ்ட் அப்போது கேட்டார்: எந்திரத்தால் பட்டியலிடக்கூடிய கணங்களில், கணிக்கத்தக்கதும் இல்லாமல் நிற்றல் புதிர் அளவுக்குக் கடினமாகவும் இல்லாமல் நடுவில் ஏதாவது உண்டா? பன்னிரண்டு வருடங்கள் கழித்துத்தான் ரஷ்யாவில் முச்னிக்கும் அமெரிக்காவில் ஃப்ரீட்பெர்க்கும் பதில் கண்டார்கள். அவர்களுடைய முறையில் ஒரு நிபந்தனைக்காகச் செய்ததை இன்னொரு நிபந்தனை வந்து கலைக்கும். மறுபடி கட்ட வேண்டும், மறுபடி கலையும், கடைசியில் எல்லாம் அடங்கும். பிரமாதமான முறை, மனதைப் பிழிகிற முறையும்கூட. கே-ட்ரிவியல் கணமோ எதையும் கலைக்காமல், ஒரு தடவை செய்ததை மாற்றாமல், போஸ்ட்டின் கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கிறது. கலைக்காத வழி ஒன்றை 1986-இலேயே குச்சேரா வேறொரு திசையிலிருந்து தந்திருந்தார். எனக்கு இந்தச் செலவுக் கணக்கு வழிதான் உயிர். என் நோட்டில் அந்த ஐந்தாறு வரிகளை மட்டும் அழகான கையெழுத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

டௌனியின் கட்டுரைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தனியாக எழுதியவை குறைவு, கூட்டாக எழுதியவை கணக்கில்லாதவை. மூத்தவர்கள், சமவயதுக்காரர்கள், தன் மாணவர்கள் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். தர்க்கவியல் தனிமையில் செய்யும் தவம் என்று ஓர் எண்ணம் பரவலாக உண்டு. இவருடைய வாழ்க்கை அதை மறுக்கிறது. இன்னொன்று கேள்விப்பட்டபோது எனக்குத் துளிக்கூட வியப்பு வரவில்லை: ஸ்காட்லாந்தின் நாட்டார் நடனத்தில் இவர் கைதேர்ந்தவர். ஆடுவார், கற்பிப்பார், புதிய நடனங்களைத் தானே அமைத்துத் தொகுப்பாகவும் தந்திருக்கிறார். பலர் அணியணியாக நின்று, இடம் மாறி, கைமாறி, சரியான தாளத்தில் தத்தம் இடத்துக்குத் திரும்பி வருகிற நடனம் அது. அலைச்சறுக்கும் பிடிக்குமாம்.

மரியாதைகளும் வந்தன. 2006-இல் மத்ரீதில் நடந்த அகில உலகக் கணித மாநாட்டில் இந்தத் துறையைப் பற்றி உரையாற்ற அழைத்தார்கள். கணிமைச் சிக்கல் பற்றிய வேலைக்காக 2014-இல் மற்றவர்களோடு சேர்ந்து நெரோட் பரிசு. இந்தப் புத்தகத்துக்காக ஹிர்ஷ்ஃபெல்ட்டோடு 2016-இல் தர்க்கவியல் சங்கத்தின் ஷோன்ஃபீல்ட் பரிசு. 2018-இல் நியூசிலாந்தின் மிக உயர்ந்த அறிவியல் கௌரவமான ரூதர்ஃபோர்டு பதக்கம். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மாதிரி பூரித்தேன்.

புத்தகம் வெளிவந்த பிறகும் துறை நிற்கவில்லை. பிராட்கா, மில்லர், நீஸ் மூவரும் நிறுவிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இறங்காமல் ஏறுகிற எந்தச் சார்புக்கும் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளிலும் வகைக்கெழு உண்டு என்பது லெபெக்கின் பழைய தேற்றம். எந்தப் புள்ளிகளில்? கணிக்கத்தக்க சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவை அத்தனைக்கும் வகைக்கெழு இருக்கிற புள்ளிகள் எவையோ அவையே கணிக்கத்தக்க பந்தய உத்திகளால் வெல்ல முடியாத ரேண்டம் எண்கள். பி.எஸ்ஸி. முதலாண்டில் நடத்துகிற வகைநுண்கணிதத்துக்குள் இத்தனை நாள் ரேண்டம் உட்கார்ந்திருந்திருக்கிறது! இப்போதெல்லாம் வகைக்கெழு பாடம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

தொடங்க விரும்புகிறவர்கள் நேராகப் பெரிய புத்தகத்துக்குப் போக வேண்டாம். அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மாத இதழில் டௌனியும் ஹிர்ஷ்ஃபெல்ட்டும் 2019-இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ கணிதமும் கொஞ்சம் நிரல் எழுதிய அனுபவமும் இருந்தால் பெரும்பகுதி பிடிபடும். அது பிடித்துப்போனால், பிறகு பென்சிலும் பெரிய புத்தகமும்.

எங்கள் கல்லூரியில் ஐந்தாறு மாணவர்கள் சனிக்கிழமை மதியங்களில் என்னோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். நிகழ்தகவைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் கூட்டத்துக்கே தலைவி. இப்போது நாங்கள் மாட்டிக்கொண்டிருப்பது புத்தகம் விடையில்லாமல் விட்டிருக்கிற ஒரு கேள்வியில். பந்தயம் கட்டுகிறவர் பிட்டுகளை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். முதலில் 50-ஆவது பிட், அதைப் பார்த்துவிட்டு 3-ஆவது, பிறகு 700-ஆவது என்று எதன்மேல் வேண்டுமானாலும் கட்டலாம். உத்தி மட்டும் கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இவர்களாலும் வெல்ல முடியாத வரிசை மார்ட்டின்-லோஃபின் பொருளில் ரேண்டமாக இருந்தே தீருமா? “இருந்தே தீரும் சார், பாருங்க” என்கிறாள் அவள். நான் எதிர்க்கட்சி. போன சனிக்கிழமை அவள் கொண்டுவந்த உத்தியை மாலை ஆறு மணிவரை அலசினோம். வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டிய பிறகு வராண்டாவில் நின்றபடி இன்னும் கொஞ்ச நேரம்.